டார்ச்சுக்காரரின் பச்சைக் கை

அந்தத் தெருவில் பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு நடமாடுகிற ஆள் ஒரே ஒருத்தர்தான். வாசலில் காய்கறி வண்டி நின்றால் தக்காளிக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் அதன் அடிவயிற்றில் அடித்துப் பார்ப்பார். ஒருமுறை டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தபோது, இவரும் பதிலுக்கு டாக்டருடைய மருந்துப் பெட்டிக்குள் அடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேட்ட ஒருத்தரும் "சே, அவரு அப்படிச் செய்ய மாட்டாரே" என்று சொன்னதில்லை.

மில் கேட்டில் காவல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதும், டிபன் கேரியரை அடுக்கடுக்காகக் கழற்றிப் பார்ப்பதும்தான் உத்தியோகம். உள்ளே வருகிறவனைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. வெளியே போகிறவன் எல்லாம் திருடன். பிறகு மில்லையே மூடி, அந்த இரும்புக் கேட்டைப் பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவருக்குள் இருந்த கேட்டைத்தான் யாராலும் பெயர்க்க முடியவில்லை. தெருவில் அவருக்குப் பெயர் டார்ச்சுக்காரர். முகத்துக்கு நேரே சொன்னால்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார். அது ஒரு பட்டம் மாதிரி.

அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சொத்து என்று சொன்னால், முன் அறை ஜன்னலும் அதன் ஓரத்தில் போட்ட சாய்வு நாற்காலியும்தான். வீடும் அவருடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டின் மற்ற இடமெல்லாம் மனைவியின் ஆட்சி. மாடியில் இரண்டு அறை, அது மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற இடம். ஜன்னல் மட்டும் இவருடையது. காலையில் உட்கார்ந்தால் தெருவில் யார் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது ஒன்று பாக்கியில்லாமல் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

தெருவோ பள்ளத்தில் இருக்கிற தெரு. மழை வலுத்தால் சுற்று வட்டாரத்துத் தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து கூடும். வாசல் வழியாக வராது, அதற்குப் படி இருக்கிறது. பின்பக்கம் பாத்ரூம் ஓட்டை வழியாகத்தான் வரும். தெருச் சாக்கடை நிரம்பியதும், போன தண்ணீரெல்லாம் போன குழாயிலேயே திரும்பி, கூடவே ஊரார் வீட்டு அழுக்கையும் அழைத்துக்கொண்டு, குபுகுபுவென்று மேலே வரும். இதற்குத் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் வெட்டுத்துணியை மூட்டையாகக் கட்டி ஓட்டையில் திணித்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். டார்ச்சுக்காரர் சாக்கைச் சுருட்டி அடைத்து, மில்லிலிருந்து வந்த ஒரு எடைக்கல்லை ஏற்றி வைப்பார். அந்த எடைக்கல் எப்படிக் கேட்டைத் தாண்டி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை கனம் வைத்தாலும் சரி, தண்ணீர் அதைப் பால் பாத்திரத்து மூடி மாதிரித் தூக்கிப் போட்டுவிட்டு வரும். அப்புறம் நாள் கணக்காகக் கழுவுகிறவள் மனைவி.

மாப்பிள்ளை பிளம்பர். கெட்டிக்காரன்தான், ஆனால் அது தனக்குத் தெரியும் என்பதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவன், அங்கே முட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இனி சொந்தத் தொழில் என்று மகளும் அவனும் முடிவு பண்ணினார்கள். தொழில் என்றால் சாதாரணக் குழாய் ரிப்பேர் இல்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் தடுக்கிற வேலை மட்டும். "வெள்ளத் தடுப்பு பிளம்பிங்" என்று போர்டுகூட எழுதி வாங்கிவிட்டார்கள். மாட்டத்தான் சுவர் இல்லை. பைக்கில் வந்து இறங்குகிற பிளம்பரை யார் நம்புகிறார்கள்? தெருவைப் பார்த்த ஒரு அறை வேண்டும்.

தெருவைப் பார்த்த அறை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

மகள் கேட்ட நேரம்தான் தப்பு. தையல்காரர் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். தனியாகக் கேட்டிருந்தால் முறைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்த மனுஷன் முன்னால் கேட்டதால் பதில் சொல்லியாக வேண்டியதாயிற்று.

"கடைனா சும்மாவா? முதல்ல இந்த வீட்டுக்குத் தண்ணி வராம நிறுத்தச் சொல்லு உன் புருஷனை. அப்புறம் ஊருக்கு நிறுத்தலாம்."

"நிறுத்தறேன் மாமா," என்றான் மாப்பிள்ளை, படியிலிருந்து இறங்கிக்கொண்டே. "சாக்கடை வெளிய போற இடத்துல ஒருவழி வால்வு ஒண்ணு வைக்கணும். உள்ள ஒரு கதவு தொங்கும். நம்ம தண்ணி போனா திறக்கும், தெருத்தண்ணி திரும்பி வந்தா தானே மூடிக்கும்."

"தானேவா?"

"தானேதான்."

"ஆள் நிக்காத கேட்டை நான் எங்கயும் பாத்ததில்ல மாப்பிள்ள."

தையல்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே தூபம் போட்டார். "ஒரு ரப்பர் துண்டு ஊர்த்தண்ணிய நிறுத்துமாமே. அப்ப நான் பொத்தானை வச்சே ரயிலை நிறுத்துவேன்."

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் பாத்ரூமில் ஒரு சொட்டு வந்தாலும் போர்டை விறகுக்கு உடைத்துவிட்டுப் பழைய கான்ட்ராக்டர் காலிலேயே போய் விழுவதாகச் சொன்னான். வராவிட்டால் முன் அறை அவர்களுக்கு. டார்ச்சுக்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் கண்ணடித்தார். "சரி" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

கொடுத்தபிறகுதான் அவருக்கு விஷயமே உறைத்தது. ஜெயித்தால் ஜன்னல் மிஞ்சும், ஆனால் வீடெல்லாம் சாக்கடை. தோற்றால் வீடு காய்ந்து கிடக்கும், ஆனால் ஜன்னல் போய்விடும். ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டு, சாக்கடையே மேல் என்ற முடிவுக்கு வந்தார். கழுவப் போகிறது மனைவிதானே.

"இன்னொண்ணு மாமா, கோவிச்சுக்கக் கூடாது," என்று மாப்பிள்ளை மறுநாள் தலையைச் சொறிந்தான். "பாத்ரூம்ல தண்ணி கிடந்தா அது தெருத்தண்ணிதான்னு எப்படித் தெரியும்? நீங்களே ஒரு சொம்பு ஊத்திட்டு, வந்துருச்சுனு சொன்னா?"

"என்னையவா சந்தேகப்படுறீங்க?"

இந்தக் கேள்வியை மற்றவர்கள் இவரிடம் கேட்டுத்தான் பழக்கம். தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதுசாக இருந்தது.

"சந்தேகம் இல்ல மாமா. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். மழை வந்ததும் தெருமுனைச் சாக்கடைத் தொட்டியில சாயப்பொடி போடுவேன். குழாய் எங்க ஒழுகுதுனு பாக்க நாங்க போடறதுதான். அந்தக் கலர்ல தண்ணி வந்தா மட்டும் தெருத்தண்ணி. நான் தோத்தேன்."

"என்ன கலர்?"

"அதை அத்தைகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். அத்தைதான் நடுவர்."

நடுவராக அவளைப் போட்டதில்தான் அவனுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. வருஷா வருஷம் முழங்கால் சேற்றில் நின்று துடைப்பத்தைத் தேய்த்தவள் அவள். அவளை விலைக்கு வாங்க இந்த உலகத்தில் ஆள் கிடையாது. சாப்பாட்டு வேளையில் டார்ச்சுக்காரர் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

"ஏண்டி, சும்மாதான் கேக்கறேன். என்ன கலரு அது?"

"உங்க மூஞ்சி கலரு. சாப்பிடுங்க."

வேலை நடந்த நாட்களில் டார்ச்சுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கொத்தனார் ஒருத்தர் வந்து தரையைத் தோண்டினார். மாடிப்படிக்கு அடியில் சாக்கடைத் தொட்டி. மேல் வீட்டுக் குழாயும் கீழ் வீட்டுக் குழாயும் அதில்தான் வந்து சேர்ந்து, ஒரே குழாயாகத் தெருவுக்குப் போகும். அந்த வாயில்தான் வால்வு. பார்க்க ஒன்றுமில்லை, கறுப்பாக ஒரு பெட்டி, உள்ளே நாக்கு மாதிரித் தொங்குகிற ஒரு மூடி. டார்ச்சுக்காரர் அதற்குள் வெளிச்சம் அடித்து, விரலால் தள்ளினார். ஒரு பக்கம் போயிற்று. மறுபக்கம் தள்ளினார். போகவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மூடியிருக்கிறப்ப மட்டும் ஒரு கட்டுப்பாடு அத்தை," என்று மாப்பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். "கீழ் வீட்டுல யாரும் தண்ணி விடக்கூடாது. பாத்திரம் கழுவறது, குளிக்கறது ஒண்ணும் வேணாம். வெளிய போக வழியில்லாம நம்ம தண்ணி நம்ம வீட்டுக்குள்ளயே ஏறும்."

டார்ச்சுக்காரருடைய காது அந்த இடத்தில் நிமிர்ந்தது. கேட்டை மூடினால் உள்ளே இருக்கிறவனும் வெளியே போக முடியாது. இது அவருக்குத் தெரியாததா? மில்லில் சங்கு ஊதியதும் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கிற கூட்டம் கடைசியில் ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறத்தானே செய்யும்.

"மாமா, இங்க வந்து பாருங்க," என்று மாப்பிள்ளை வெளிச்சுவர்ப் பக்கமிருந்து கூப்பிட்டான். "மாடிக் குழாயை என்ன பண்ணியிருக்கேன்னு வந்து பாருங்க."

"நீங்க பாருங்க. எனக்கு வேலை இருக்கு."

வேலை என்னவென்றால், கொத்தனார் கிளம்பிக்கொண்டிருந்தார், அவருடைய பை காலையில் வந்ததைவிடப் புடைப்பாக இருந்தது. டார்ச்சுக்காரர் அதைத் திறக்கச் சொல்லி உள்ளே வெளிச்சம் அடித்தார். ஒரு ஈரச்சட்டை, ஒரு கரண்டி, கழுவாத சாப்பாட்டுத் தூக்கு. சட்டையை உதறிப் பார்த்தார். தூக்கை முகர்ந்து பார்த்தார். கொத்தனார், "கையையும் காட்டணுமாய்யா?" என்று கேட்டார். "காட்டு" என்றார். அந்த நாட்களெல்லாம் இப்படியே போயின. வேலை முடிகிறவரை வீட்டிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகவில்லை என்று அவர் சத்தியம் பண்ணத் தயார். எந்தக் குழாய் எங்கே போனது என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது.

மழை வந்தது. சாதாரண மழை இல்லை. முதல் நாள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி டார்ச்சுக்காரர் சந்தோஷமாக நனைந்தார். மறுநாள் காலையில் தெரு நிறைந்து வாசல் படியில் தண்ணீர் அலையடித்தது. மாப்பிள்ளை சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, குடையைத் தாழப் பிடித்தபடி தெருமுனைத் தொட்டிக்குப் போனான். ஜன்னலிலிருந்து எத்தனை எட்டிப் பார்த்தும் டார்ச்சுக்காரருக்குக் குடையின் முதுகுதான் தெரிந்தது. அப்படியே அவன் கருவிப் பையோடு வேறு தெருவுக்குப் போய்விட்டான். யார் வீட்டிலோ கூப்பிட்டிருந்தார்கள். மகள் கூடத்தில் உட்கார்ந்து போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி பாத்ரூம் வாசலில் முக்காலியைப் போட்டு, ஒரு முறம் பூண்டை மடியில் வைத்துக்கொண்டு, உரிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படிக்கு அடியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம்.

"மூடிக்கிச்சு," என்றாள் மனைவி, பூண்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

டார்ச்சுக்காரர் போய் அவள் தலைக்கு மேலாகப் பாத்ரூம் தரையில் வெளிச்சம் அடித்தார். காய்ந்து கிடந்தது. திரும்பி ஜன்னலுக்குப் போனார். மறுபடி வந்தார். காய்ந்து கிடந்தது. மற்ற வருஷங்களில் இந்நேரத்துக்கு எடைக்கல் மிதக்காத குறையாகப் புரண்டிருக்கும்.

"இன்னும் எத்தனை தடவை விளக்கடிச்சுப் பாப்பீங்க? தரைக்குக் கண்ணு கூசப் போகுது."

"ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் பேசு."

"நான் வாழ்நாளெல்லாம் பேசாமத்தான் கழுவிக்கிட்டிருந்தேன். இப்ப பேசறேன்."

மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா, முன் ரூம்ல இருக்கிற உங்க நாற்காலிய எங்க போடலாம்? சமையல்கட்டுப் பக்கம் காத்து வரும்," என்றாள். நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் அவரை இன்னும் எரித்தது. சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து என்ன தெரியும்? பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். சுவர் எங்கேயும் எதையும் எடுத்துக்கொண்டு போகாது.

அந்த இடத்தில்தான் அவருக்கு மில்லும் சங்கும் ஞாபகம் வந்தது. கதவு மூடியிருக்கிறது. உள்ளே விட்டால் உள்ளேயே ஏறும். கீழே விட நடுவர் விடமாட்டாள். மாடியில் யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. மாடித்தண்ணீரும் அந்தத் தொட்டிக்குத்தானே வருகிறது? வந்து எங்கே போகும்? இந்தப் பாத்ரூமுக்குத்தான். பாக்கி இருப்பது கலர் மட்டும்.

"மொட்டைமாடியில தண்ணி தேங்கி நிக்குதானு பாத்துட்டு வரேன்," என்றார்.

"குடை கொண்டு போங்க," என்றாள் மனைவி.

மாடியில் மாப்பிள்ளையின் சாமான் அலமாரியைத் திறந்து வெளிச்சம் அடித்தார். குழாய் முட்டிகள், பசை டப்பா, நூல் கண்டு. மூலையில் ஒரு சின்னத் தகர டப்பா, மூடியில் பச்சை விரல் ரேகை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா உன் ரகசியம், மாப்பிள்ள? அலமாரியில் இருப்பது இந்த ஒரு டப்பா. ஆக, தெருவில் போட்டதும் இதுதான். ஒரு மனுஷன் காலையில் எதையோ சட்டைக்குள் மறைத்து வெளியே எடுத்துக்கொண்டு போனானே, அது என்ன என்று அவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம். காலமெல்லாம் வெளியே போவதையே பார்த்தவர், அன்றைக்குப் பார்த்து உள்ளே இருப்பதை மட்டும் பார்த்தார்.

டப்பாவை மாடிப் பாத்ரூமுக்கு எடுத்துப் போனார். மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார், வேட்டி முனையால் பிடித்துத் திருகினார். கடைசியில் அது பட்டென்று திறந்துகொண்டு, பாதிப் பொடி பாத்ரூம் தரையிலும் பாதி அவர் கைகளிலும் கொட்டியது. எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். ஷவரையும் விடவில்லை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. புது இலை மாதிரி, பளபளவென்று, ஓட்டையில் சுழன்று 'களக் களக்' என்று சந்தோஷமாகக் கீழே இறங்கியது. அவர் கையைக் கழுவினார். கழுவக் கழுவ பச்சை இன்னும் நன்றாகப் பிடித்தது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே வந்தார். மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டார்.

"எது?"

"சும்மா கேட்டேன்."

எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. சரி, தொட்டி நிறைய நேரம் ஆகும் என்று மறுபடி மாடியேறினார். தண்ணீர் ஒரு துளி தேங்காமல் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கினார். காய்ந்து கிடந்தது. ஏறினார், இறங்கினார். மழை நாளில் இவ்வளவு சுறுசுறுப்பாக அவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் ஷவர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. மேல்தொட்டித் தண்ணீர் மொத்தமும் தீர்ந்துவிட்டது. அத்தனை தண்ணீரும் எந்த வழியாக, யார் பையில் ஏறி வெளியே போயிற்று என்று அவருக்குப் புரியவேயில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. முதலில் தையல்காரருடைய மனைவி. அப்புறம் தையல்காரர். அப்புறம் அவர்கள் வீட்டுப் பூனை. பூனை எதிர்வீட்டு ஜன்னல் திண்டில் தாவி ஏறி நின்றது. வெள்ளைப் பூனை அது. இப்போது முதுகுக்கு மேலே வெள்ளை, வயிற்றுக்குக் கீழே கிளிப்பச்சை. டார்ச்சுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கி வாசலுக்கு வந்தார்.

தையல்காரர் வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். முழங்கால்வரை அவரும் பூனை மாதிரித்தான்.

"எங்கய்யா உன் மாப்பிள்ள?" என்று பாதித் தெருவிலிருந்தே ஆரம்பித்தார். "காலையில பாத்ரூம்ல செவப்பா வந்துச்சு. ரத்தமோனு பயந்தே போயிட்டேன். அப்புறம் சரி, சாயம் போடறேன்னு சொன்னானே, அதுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப பச்சையா வருது. கல்லு, மூட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வருது. என் வீட்ட என்ன சாயப்பட்டறைனு நினைச்சீங்களா?"

பாத்ரூம் வாசலில் பூண்டு உரிப்பது நின்றது.

"செவப்புதானே போட்டாரு," என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். "என்கிட்ட செவப்புனுதான் சொன்னாரு." பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். "பச்சை யாரு போட்டது?"

 டார்ச்சுக்காரரின் கைகள் முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒளிந்துகொண்டன. மகள் போனை வைத்துவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற பக்கத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தையல்காரர் படிக்கு வந்துவிட்டார். "கையைக் குடுய்யா, ஏறணும்."

"படியைப் பிடிச்சு ஏறு."

"பாசி பிடிச்சுக் கிடக்குது உன் படி. கையைக் குடு."

"எனக்குக் கை வலி."

"ரெண்டு கையுமா வலி?"

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் படியில் வைத்தார் தையல்காரர். கால் வழுக்கியது. ஆள் அப்படியே மல்லாந்து தண்ணீருக்குப் போனார். டார்ச்சுக்காரருக்கு யோசிக்க நேரமில்லை. கேட்டில் நின்ற காலத்தில் எத்தனையோ பேரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியவர், அந்தப் பழக்கம் கைக்கு முந்திக்கொண்டது. இரண்டு கையையும் நீட்டித் தையல்காரரின் இரண்டு கையையும் கப்பென்று பிடித்தார். பிடித்த பிடியில் தையல்காரர் தப்பித்துக்கொண்டார். டார்ச்சுக்காரர்தான் மாட்டிக்கொண்டார்.

தையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு தன் கையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பச்சை. முழங்கைவரை பச்சை. நகத்துக்கடியில் கரும்பச்சை. கையும் களவுமாக என்று சொல்வார்களே, இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது.



"எங்க ஊத்தின?" என்று கேட்டார் தையல்காரர், ரொம்ப அமைதியாக.

"மாடியில."

"எதுக்கு?"

"இங்க வரும்னு."

"இங்க வரலையா?"

"வரல."

இந்த நேரத்தில் மாப்பிள்ளை சொட்டச் சொட்ட நனைந்து, கருவிப் பையோடு வந்து சேர்ந்தான். படியில் இரண்டு பெரியவர்கள் கைகோத்துக்கொண்டு நிற்பதையும், எதிர் ஜன்னலில் பாதிப் பச்சைப் பூனையையும் பார்த்தான். கேட்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தான். பாவம், அவனால் முடியவில்லை.

"மாமா, மாடிக் குழாயைப் பழைய தொட்டியில இருந்து எடுத்து, வெளிச்சுவரோட இறக்கி, வால்வுக்கு அந்தப் பக்கம் சேத்துட்டேன். மாடித்தண்ணி உயரத்துல இருந்து வருது, தெரு நிறைஞ்சிருந்தாலும் அமுக்கிக்கிட்டு வெளிய போயிடும். மாடியில எவ்வளவு விட்டாலும் கீழ ஏறாது. அன்னைக்கே கூப்பிட்டேனே, வந்து பாருங்கன்னு."

"அப்ப அவரு கொத்தனார் பையைப் பாத்துக்கிட்டிருந்தாரு," என்றாள் மனைவி.

தையல்காரர் எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நின்றார். பிறகு சொன்னார்: "அப்படின்னா, தெருத்தண்ணியும் இவரு வீட்டுக்கு வரல. இவரு வீட்டுத் தண்ணியும் இவரு வீட்டுக்கு வரல. ரெண்டும் எனக்குத்தான் வந்திருக்குது."

"ஆமாங்க."

"அப்ப அந்த ரப்பர் துண்டு வேலை செய்யுது."

"செய்யுதுங்க."

"எனக்கு ஒண்ணு வைங்க." டார்ச்சுக்காரரின் கையை அப்போதுதான் விட்டார். "முதல்ல எனக்கு. அதுவரைக்கும் இந்த ஆளை மாடியேற விடாதீங்க."

டார்ச்சுக்காரர் படியை விட்டு நகர்ந்தார். உள்ளே போனார். முன் அறையில் நின்று ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் பச்சைக் கையாலேயே சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். வாக்கு என்றால் வாக்கு. சந்தேகப்படுகிறவராக இருக்கலாம், சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. நாற்காலிக் கைப்பிடியில் ஐந்து பச்சை விரல் பதிந்தது.

மகள் வழியை மறித்தாள். "எங்கப்பா போறீங்க?"

"தோத்தாச்சு. ரூம் உங்களுது."

"ரூம் எங்களுதுதான். கடையில உக்கார ஆள் வேணாமா? நான் போனைப் பாப்பேனா, வரவங்களப் பாப்பேனா?"

"என்னை எதுக்கு? நான் பிளம்பரையே நம்பாதவன்."

"அதுக்குத்தான். பிளம்பரை நம்பாதவரே கடையில உக்காந்திருந்தா, வரவங்க நம்புவாங்க."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று தோன்றியது. டார்ச்சை அடித்து அவள் முகத்தைப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே, பழைய கோணத்திலேயே போட்டார். ஒரு விரற்கடை ஜன்னலுக்குப் பக்கமாகவே போட்டார்.

மழை விட்டதும் போர்டு ஏறியது. தையல்காரர் வீட்டில் வால்வு வைத்தார்கள். அந்த வேலையில் டார்ச்சுக்காரர் எதிர்வீட்டுக்கே போய் நின்று, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். கொத்தனார் கிளம்பும்போது பையைத் தானாகவே திறந்து காட்டினார். "போய்யா, உன் பையை யாரு பாக்கறது," என்று டார்ச்சுக்காரர் கையை வீசினார். கொத்தனாருக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பூனையின் பச்சை சீக்கிரம் போய்விட்டது, அது நாள் முழுக்க நக்கிக்கொண்டேயிருந்தது. டார்ச்சுக்காரருடைய பச்சை போக நாளாயிற்று. சோப்பு, மண்ணெண்ணெய், சாம்பல், ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு மனிதர் வந்தார். போர்டைப் படித்தார், ஜன்னலில் இருந்தவரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரே, நீங்க உண்மையச் சொல்லுவீங்கனு சொன்னாங்க. இந்த வால்வு நிஜமாவே தண்ணிய நிறுத்துமா? இல்ல நம்ம தலையில கட்டறாங்களா?"

டார்ச்சுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையிலிருந்த பையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து பச்சை போகாத இரண்டு கைகளையும் எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக, உள்ளங்கை தெரிய வெளியே நீட்டினார்.

"உள்ள வந்து உக்காருங்க," என்றார். "முதல்ல உங்க மாடித்தண்ணி எங்க போகுதுனு சொல்லுங்க."